பரமானந்தத்தின் கனைப்பு

ம்க்ம்.

கேட்டீங்களா சார்? இருங்க, திருப்பிப் போடுறேன். முதல்ல இரைச்சல் வரும், கேசட் பழசு. அப்புறம் ஒரு அம்மா குரல் ஏதோ கேட்கும். அதுக்கு அடுத்தாப்புல. காதைக் கொடுங்க.

ம்க்ம்.

அவ்வளவுதான். ஒரு ஆள் தொண்டையைச் செருமுற சத்தம். அதை ஒட்டினாப்புல கணீர்னு ஒரு குரல் வருதே, அது நான். வெளியே போர்டுல 'இக்னேஷியஸ் சவுண்ட் சர்வீஸ்'னு போட்டிருக்கே, அதே இக்னேஷியஸ். நம்ப முடியலை இல்ல? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

உங்க ஸ்கூல் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரம் ஆகும் சார். கோன் கிழிஞ்சு தொங்குது. யாரு, ஸ்போர்ட்ஸ் டேயில இப்படி அலற விட்டது? பி.டி. வாத்தியார் நீங்களா? சரி விடுங்க. பசை காயற வரைக்கும் உட்காருங்க. ஃபேன் பக்கம் தள்ளிக்கங்க.

நான் அந்தக் கேசட்டுல அரை மணி நேரம் பேசியிருக்கேன். அரை மணி நேரம்! ராக் மியூசிக்குன்னா என்ன, கித்தாரை ஏன் கதற விடணும், ரயில்வே காலனியில பொறந்தவனுக்கு வீணை எதுக்குன்னு சட்டையைப் பிடிச்சுக் கேட்கிற மாதிரி பேசியிருக்கேன். அன்னிக்கு அதைக் கேட்டுட்டுப் பொன்மலையில எத்தனை பேர் முடி வளர்த்தான் தெரியுமா? அவ்வளவையும் தள்ளிட்டு, எனக்கு இந்தக் கனைப்பு மட்டும் போதும்னு ஒரு பொண்ணு வந்து கேட்குது. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க. நீங்க என்ன சொல்வீங்க, எரியும்னுதான் சொல்வீங்க.

முதல்ல இருந்து சொல்றேன். எண்பதுகளோட கடைசியில எங்களுக்கு ஒரு பேண்டு இருந்துச்சு. பேர் 'கொதிகலன்'. பேர் வெச்சது நான். பாட்டும் கித்தாரும் நான். பேஸ் வாசிக்க யாராவது வருவான், போவான், அந்த இடம் நிக்கவே இல்லை. டிரம்ஸ் பரமானந்தம். அவன் மட்டும் கடைசி வரைக்கும் இருந்தான். அவனோட அப்பா நடேசன், ரயில்வே ஒர்க்‌ஷாப்புல பாய்லர் தட்டுறவர். ஒர்க்‌ஷாப்புக்குள்ள போயிருக்கீங்களா? இரும்பு வயித்துக்குள்ள ஆளை இறக்கிவிட்டு வெளியே இருந்து சுத்தியலால அடிச்சா எப்படி இருக்கும்? அந்த மாதிரி வேலை. ரிட்டயர் ஆகறதுக்குள்ள ரெண்டு காதும் போச்சு.

பரமா வீட்டுக்குள்ள டிரம் அடிக்கும்போது அவர் அந்தச் சுவர்ல உள்ளங்கையை வெச்சுக்கிட்டு நிப்பார். காதுக்குக் கேட்காது, கைக்குக் கேட்கும். அப்பா கைக்கு எட்டணும்னு இவன் அவ்வளவு ஓங்கி அடிப்பான். டிரம்ஸ் இப்படியா அடிப்பாங்கன்னு எல்லாரும் திட்டுவாங்க. காரணம் இதுதான். இதை வெச்சு ஒரு பாட்டு பண்ணினோம், 'சுவர்'னு. எங்க பாட்டுலயே அதுதான் ரேடியோவுல திரும்பத் திரும்பப் போட்டது. மத்ததையெல்லாம் பேப்பர்காரன் தகர டப்பா உருட்டல்னு எழுதினான். எழுதினவன் பேர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. சொல்ல மாட்டேன். செத்துட்டான்.

அப்போ ரேடியோவுல 'மாலைத் துள்ளல்'னு ஒரு நிகழ்ச்சி. சந்திரவதனின்னு ஒரு அம்மா நடத்தும். நல்ல குரல், நல்ல அம்மா. எங்களை அடிக்கடி கூப்பிடும். பேட்டி, நடுவுல ஒரு பாட்டு, மறுபடி பேட்டி. ஸ்டுடியோவுல எங்களுக்கு எதிர்த்தாப்புல ஒரே மைக். மைக்குக்கு நேரா நான் உட்காருவேன், பரமா பக்கத்துல. பேசறவன்தானே மைக்குக்கு நேரா உட்காரணும்?

அப்ப வீட்டுல ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் இருந்துச்சு. என் தங்கச்சி பிலோமினா எங்க பேட்டி ரேடியோவுல வர வரப் பதிஞ்சு வெச்சுட்டாள். இன்னிக்கு எங்க பேட்டின்னு உலகத்துல இருக்கிறது இந்தத் தகர டப்பாவுல இருக்கிறதுதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடை மூடினதும் ஒண்ணு போட்டுக் கேட்பேன். தற்பெருமைன்னு நினைக்காதீங்க. நல்லா பேசியிருப்பேன் சார். அந்தக் காலத்துல நடிகன்கூட அப்படிப் பேசலை.

அப்புறம் பேண்டு போச்சு. கித்தாரை ஆணியில மாட்டிட்டு ஸ்பீக்கர் ஒட்ட வந்தேன். பரமா ஒர்க்‌ஷாப்புலயே வேலைக்குச் சேர்ந்து கல்யாணம் பண்ணி ஒரு பொண்ணு பெத்தான். அந்தப் பொண்ணு சின்னதா இருக்கும்போதே இவனுக்குத் தொண்டையில கட்டி வந்துடுச்சு. ஆபரேஷன்ல குரல்வளையையே எடுத்துட்டாங்க. உயிர் தங்குச்சு, குரல் போச்சு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் இருந்தான், பேச்சில்லாம.

பார்க்கப் போனேன். போகாம இருப்பேனா? சிலேட்டு வெச்சிருந்தான், அதுல எழுதித்தான் காட்டணும். பாவம், ஒவ்வொரு எழுத்தா எழுதிட்டு இருப்பான். அவன் எழுதி முடிக்கிறதுக்குள்ள என்ன சொல்ல வர்றான்னு புரிஞ்சுக்கிட்டு நான் பதில் சொல்லிடுவேன். அவனுக்கு வேலை மிச்சம். ஒரு தடவை நான் பதில் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கிட்டே சிலேட்டை அழிச்சுட்டான். அப்புறம் எழுதலை. நான் கிளம்புற வரைக்கும் பழைய கதையெல்லாம் பேசிச் சிரிக்க வெச்சுட்டு வந்தேன். அவனுக்குக் கஷ்டம் தெரியக் கூடாதுல்ல?

போன கார்த்திகையில போய்ச் சேர்ந்துட்டான். சுடுகாட்டுல நான்தான் பேசினேன். மைக் இல்லை, ஆனா கடைசி ஆள் வரைக்கும் கேட்டுச்சு.

விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் அவன் பொண்ணு வந்தாள். தமயந்தி. ஓசூர்ல ஏதோ கம்பெனியில இருக்காள். இடுப்புல ஒரு குழந்தை. நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அதே ஸ்டூல்லதான் உட்கார்ந்தாள். அப்பாவோட பழைய ரேடியோ பேட்டி உங்ககிட்ட இருக்காமே அங்கிள், அப்பா குரல் எங்க யார்கிட்டயும் இல்லை, எனக்கு ஞாபகத்துலயும் இல்லைன்னாள். வீட்டுல டேப் கிடையாதாம், போன்ல வீடியோ எடுக்கிற காலம் வர்றதுக்கு முன்னாடியே குரல் போயிடுச்சாம். இவளையோ அவங்க அம்மாவையோ கூப்பிடணும்னா மேஜையில தட்டுவானாம். சாப்பாடுன்னா ஒரு மாதிரி தட்டுவானாம், வெளியே போறேன்னா வேற மாதிரி, கோபம்னா இன்னொரு மாதிரி.

"தாளம் எல்லாம் எங்கிட்ட இருக்கு அங்கிள். குரல்தான் இல்லை"ன்னாள்.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அட, இதுக்கு ஏம்மா ஓசூர்ல இருந்து வரணும், ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனேன்னேன். டப்பாவை எடுத்து முதல் கேசட்டைப் போட்டேன். டீ வாங்கி வரச் சொன்னேன். குழந்தைக்கு பிஸ்கட். ராஜ உபசாரம் சார்.

கேட்கிறாள், கேட்கிறாள். நான் பேசறேன், டேப்புல. அழகா போகுது. இவள் முகத்தைப் பார்த்தா ஒண்ணும் மாறலை. ரெண்டாவது கேசட். அதுலயும் நான். இடையில சந்திரவதனியம்மா, "பரமானந்தம், நீங்க எப்படி டிரம்ஸுக்கு வந்தீங்க?"ன்னு கேட்குது. அதுக்கு நான் சொல்றேன், "இவனுக்குப் பேச வராதும்மா, அடிக்கத்தான் வரும்"னு. ஸ்டுடியோவே சிரிக்குது. தமாஷ் சார், வேற என்ன? பக்கத்துல அவனும் சிரிச்சிருப்பான். டேப்புல அவன் சிரிப்பு விழலை. மைக் தள்ளி இருந்துச்சுல்ல.

தமயந்தி அந்த இடத்துல கேசட்டை நிறுத்தச் சொன்னாள். "அப்பாவுக்குப் பேச வராதா?"ன்னு கேட்டாள். அவங்க அம்மா வேற மாதிரி சொல்லியிருக்காளாம். வீட்டுக்குள்ள வந்தா அவன் வாய் மூடாதாம், தூங்கப் போற வரைக்கும் ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பானாம், பக்கத்து வீட்டுல ரேடியோவை நிறுத்திட்டுக்கூடக் கேட்பாங்களாம். வீட்டுல யார்தான் பேச மாட்டான்னு கேட்டேன். ரேடியோவுல பேசறது வேற. பழகணும்.

மூணாவது கேசட். இதோ, இப்ப நீங்க கேட்டது. 'சுவர்' பாட்டு முடிஞ்ச உடனே சந்திரவதனியம்மா கேட்குது, "பரமானந்தம், இது உங்க வீட்டுல நடந்த கதையாமே? உங்க அப்பாவைப் பத்திச் சொல்லுங்க." நேரா அவனைப் பார்த்துக் கேட்டிருக்கும் போல. ம்க்ம். அதுக்கப்புறம் நான், "நான் சொல்றேம்மா"ன்னு ஆரம்பிக்கிறேன்.

ஆரம்பிச்சு என்ன பண்ணினேன்? கேலி பண்ணினேனா? அவங்க அப்பா சுவர்ல கை வெச்சுக்கிட்டு நின்ன கதையைச் சொன்னேன். உயிரைக் கொடுத்துச் சொல்லியிருக்கேன் சார். கடைசியில குரல் உடைஞ்சு அழுதிருக்கேன். ரேடியோவுல! அவன் அப்பாவுக்காக நான் அழுதிருக்கேன்! அன்னிக்கு எத்தனை வீட்டுல அழுதாங்கன்னு சந்திரவதனியம்மாவே அப்புறம் சொல்லுச்சு. இதையே அவன்கிட்ட விட்டிருந்தா ரெண்டு வார்த்தையில முடிச்சிருப்பான். எங்கப்பாவுக்குக் காது கேட்காதுங்க, அதான். அவ்வளவுதான் சொல்லியிருப்பான். அவனை எனக்குத் தெரியாதா?

அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? என் அழுகையை நிறுத்திட்டுப் பின்னாடி ஓட்டச் சொன்னாள். ம்க்ம். மறுபடி ஓட்டச் சொன்னாள். ம்க்ம். குழந்தையைத் தூக்கி ஸ்பீக்கர் பக்கம் வெச்சு, "தாத்தா"ங்கிறாள். நான் டீ கிளாஸோட நிக்கிறேன், ஆளில்லாத கடையில நிக்கிற மாதிரி. எத்தனை தடவை ஓட்டினோம்னு கேட்காதீங்க, டேப்பே தேய்ஞ்சிருக்கும். அப்புறம் போனைக் காட்டி, இந்த ஒரு சத்தத்தை மட்டும் இதுல ஏத்திக் கொடுங்க அங்கிள்னு கேட்டாள்.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. ஏம்மா, உங்க அப்பாவைப் பத்தி, உங்க தாத்தாவைப் பத்தி இவ்வளவு பேசியிருக்கேன், முழுசா எடுத்துட்டுப் போ. உன் பிள்ளைக்குப் போட்டுக் காட்டு, குடும்பக் கதை தெரிஞ்சுக்கட்டும். இருமலையும் தும்மலையும் மட்டும் வெட்டிக் கொடுக்க நான் என்ன வைத்தியனா? கொடுத்தா முழுசாத்தான் கொடுப்பேன்னு சொல்லிட்டேன்.

அந்தப் பொண்ணு கோபப்படலை. குழந்தையை இடுப்புல ஏத்திக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னாள்.

"முழுசா வேண்டாம் அங்கிள். முழுசும் நீங்கதான் இருக்கீங்க."

போயிட்டாள். டீயைக்கூடக் குடிக்கலை.

இதை எப்படி எடுத்துக்கணும் சார்? நான் எதையாவது அபகரிச்சேனா? மைக்கைப் பிடுங்கினேனா? இருக்கிற கேசட் எல்லாத்தையும் எடுத்துப் போட்டேன், ஒண்ணு விடாம. எதுலயாவது அவன் ஒரு வாக்கியமாவது பேசியிருப்பான், எடுத்து இவள் மூஞ்சியில அடிக்கணும்னு. ரெண்டு நாள் கடையில வேற வேலை ஓடலை. மாதா கோயில் ஆம்பிளிஃபயர் அப்படியே கிடக்கு, ஃபாதர் போன் மேல போன். ஒண்ணும் கிடைக்கலை. ஒரு இடத்துல "ஆமா"ன்னு ஒரு சத்தம். உத்துக் கேட்டா அதுவும் நான்தான்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. பிலோமினா! கேசட்டை மிச்சம் பிடிக்கிறேன்னு பாட்டு வந்தா நிறுத்தி நிறுத்திப் பதிவாள் அவள். அதே மாதிரி பரமா பேசறப்பவும் பட்டனை அமுக்கியிருப்பாள். அண்ணன் மேல பாசம் ஜாஸ்தி. ஆவடியில இருக்கிற அவளுக்குப் போன் போட்டேன். ஏன்டி அவன் பேசினதையெல்லாம் வெட்டினே, இன்னிக்கு எனக்கு எவ்வளவு கெட்ட பேர் பாருன்னு கத்தினேன். அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்குது.

அப்புறம், "பேட்டியில நான் எதையும் வெட்டலைண்ணே. அந்த அண்ணன் வாயைத் திறந்தாத்தானே பதியறதுக்கு. நீ எங்கே விட்டே?"ன்னாள்.

சொந்தத் தங்கச்சி. போனை வெச்சுட்டேன். என்னமோ எல்லாரும் முன்னாடியே கூடிப் பேசி வெச்சுக்கிட்ட மாதிரி ஒரே குரல்ல சொல்றாங்க. ஒருத்தன் வாய் பேசத் தெரிஞ்சவனா இருந்தா அது குத்தம். அவன் சும்மா இருந்ததுக்கும் நானே பொறுப்பு. அன்னிக்கே அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டேய் இக்னி, நான் சொல்றேன்டான்னு? ஏன் சொல்லலை? அதை யார் கேட்கிறாங்க?

இல்ல, நீங்க இருங்க. நீங்க என்ன கேட்கப் போறீங்கன்னு தெரியுது. அந்தப் பொண்ணுக்குக் கொடுத்தீங்களா இல்லையான்னுதானே? கொடுத்தேன் சார். நான் என்ன கல்லா? கோபம் ஆறினதும் நானே எடுத்து வெட்டி அனுப்பினேன். ஆனா வெறும் கனைப்பை எப்படி அனுப்புறது? கேட்கிறவனுக்கு என்ன புரியும்? யாரோ இருமினான்னு நினைப்பான். அதனால முன்னாடி நான் நாலு வார்த்தை பேசினேன். இது யாரு, எப்படிப்பட்ட டிரம்மர், அந்தக் காலத்துல நாங்க எப்படி இருந்தோம், இந்தக் கனைப்பு எந்த நிகழ்ச்சியில, எந்தக் கேள்விக்கு வந்துச்சு, எல்லாம். பின்னணியில லேசா கித்தார் வாசிச்சேன். விரல் இன்னும் வருது சார். ஒரு பாட்டு நீளத்துக்கு வந்துச்சு. முடிவுல, இதோ கேளுங்கள் என் நண்பனின் குரலைன்னு சொல்லி, ம்க்ம். கேட்டா மயிர் கூச்செறியும்.

வாட்ஸ்அப்புல போச்சு. பார்த்துட்டாள், ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு. பதில் இல்லை. ஒரு நன்றி? ஒரு கும்பிடு பொம்மை? ஒண்ணும் இல்லை. படிச்ச பொண்ணு, ஓசூர்ல வேலை.

மறுநாள் காலையில அவளோட ஸ்டேட்டஸ்ல ஏதோ வந்திருக்கேன்னு தொட்டேன். படம் இல்லை, கறுப்பா இருந்துச்சு. சத்தம் மட்டும். என்ன பண்ணியிருக்காள்னு நினைக்கிறீங்க? என் பேச்சு பூரா எடுத்துட்டாள். கித்தாரையும் எடுத்துட்டாள். முன்னாடி கொஞ்சம் கேசட் இரைச்சல், அப்புறம் ம்க்ம்.

போனை எடுத்து நாலு வார்த்தை கேட்கணும்னுதான் இருந்தேன். ஆனா அது அதோட முடியலை சார். கனைப்பு வந்ததும் முடிஞ்சிருக்கணும்ல? முடியலை. ஓடுது. அந்தப் பழைய இரைச்சலையே எடுத்து ஒட்டி நீட்டி விட்டிருக்காள். அதுக்குள்ள வேற ஒண்ணும் இல்லை. யாரும் பேசலை. முதல்ல போன்தான் மாட்டிக்கிச்சுன்னு நினைச்சேன்.

ரெண்டாவது தடவை போட்டேன். ம்க்ம்னு கனைச்சான். இரைச்சல் ஓடுது. நான் போனைக் காதுல வெச்சுக்கிட்டே நின்னேன், சரி, சொல்லப் போறான்னு. எதிர்த்தாப்புல டீக்கடைக்காரன் என்னமோ கேட்டான், கையைக் காட்டி அவனை நிறுத்தினேன். முடிஞ்சுடுச்சு. மறுபடி போட்டேன். அந்தக் கனைப்பு இருக்கே, அது இருமல் இல்லை சார். நல்லாக் கேட்டா தெரியுது. மூச்சை இழுத்து வெச்சுக்கிட்டுத்தான் கனைக்கிறான். அடுத்த வார்த்தை நாக்குல நிக்குது. அப்பா பேரைச் சொல்லப் போறானா, இல்ல, 'அம்மா, அது வந்து'ன்னு இழுக்கப் போறானா... எனக்குத் தெரியலை. இவ்வளவு வருஷமா அவன் என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும்னுதான் இருந்தேன்.

என்ன கிறுக்குத்தனம் பாருங்க. ரேடியோவுல இப்படி வெத்தா விட்டா, நிலையத்துல கோளாறுன்னு நினைச்சு ஜனம் வேற ஸ்டேஷன் திருப்பிடும். யாராவது ஒருத்தன் பேசித்தான் ஆகணும். அந்தப் பொண்ணுக்கு யார் சொல்றது இதையெல்லாம்?

அடுத்த நாள் சாயந்திரம் மறுபடி கேட்கலாம்னு பார்த்தேன், காணோம். ஸ்டேட்டஸ் ஒரு நாள்தான் நிக்குமாமே. அவள்கிட்ட கேட்கலாம். எப்படிக் கேட்கிறது? என்கிட்ட இருந்து போனதுதானே, என்கிட்ட இல்லையான்னு கேட்பாள். இருக்கு. இந்தா, இந்தக் கேசட்டுல இருக்கு. ஆனா இதுல கனைச்ச உடனே நான் வந்துடறேன் சார். நிறுத்தற பட்டன்ல விரலை வெச்சுக்கிட்டுத்தான் கேட்கிறேன். அப்பவும் ஒவ்வொரு தடவையும் நான் முந்திடறேன்.

நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. இல்லையா?

சொல்லுங்க சார்.

சரி. பசை இழுத்திருக்கும். அந்த விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. இந்த ஓரம் இன்னும் தூக்கிட்டு இருக்கு, விரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்.